சேஃப்டி இன்சார்ஜ்

நியூ ஜெர்சியில் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பெண்களுக்கு இரண்டே வேலைகள்தான். ஒன்று, சமோசா கவுன்ட்டர். இன்னொன்று, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து குத்துவிளக்கு ஏற்றுவது. எனக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று கொடுத்தார்கள். அது மரியாதையில் வந்தது இல்லை. ஹாலை வாடகைக்குக் கொடுக்கும் ஹைஸ்கூலின் விண்ணப்பத்தில், கடைசிப் பக்கத்தில், பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் என்று ஒரு கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டின் மேல் யாராவது ஒருவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

“நம்ம மேடம்தான் இருக்காங்களே. சேஃப்டிலயே வேலை பாக்கறாங்க. அவங்களே இன்சார்ஜ்” என்றார் சங்கத் தலைவர். எல்லோரும் கைதட்டினார்கள். தங்கள் தலை தப்பியதற்குத் தட்டிய கை அது.

தொண்ணூறுகளின் பிற்பாதி. நாங்கள் பிளெய்ன்ஸ்பரோவில் ஓர் அபார்ட்மென்டில் இருந்தோம். என் கணவர் சங்கத்தின் செயலாளர். நான் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. எந்த அறையில் எவ்வளவு சத்தம், எந்தப் பொடி காற்றில் பறக்கிறது, யார் கையுறை போடாமல் கையை உள்ளே விடுகிறார்கள் என்று பார்த்து எழுதுவது என் வேலை. அங்கே ஒரு மெஷினைப் பழுது பார்க்கும் முன் அதன் ஸ்விட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை அதில் தொங்கவிட வேண்டும். தொங்கவிட்டவர் மட்டும்தான் அதைக் கழற்றலாம். ஒருமுறை ஒரு பழைய மெக்கானிக், அவசரத்தில் அடுத்தவர் அட்டையைக் கழற்றிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருந்தும் அவரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி நான்தான் எழுதிக் கொடுத்தேன். என் அறைக்கு வந்து கெஞ்சினார். நான் அசையவில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் விவரம் தெரியாமல் தப்புச் செய்தவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அந்த வருடம் சென்னையிலிருந்து ஒரு மெல்லிசைக் குழுவை வரவழைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் தொடங்கி, டெக்ஸஸ் போய், கலிஃபோர்னியாவில் பே ஏரியாவில் முடிகிற சுற்றுப்பயணம். பாடகர்களுக்கு ஹோட்டல். வாத்தியக்காரர்களுக்கு ஆளுக்கொரு சங்கத்து வீடு. எங்கள் வீட்டுக்கு வந்தவன் பாஸ் கிடார் வாசிப்பவன். முப்பது வயதுக்குள் இருக்கும். வடசென்னைக்காரன். ஹாலில் சோஃபாவை விரித்துப் போட்டுக் கொடுத்தோம். ஜெட்லாக்கில் தூக்கம் வராமல், டிவியில் வானிலை ஓடிக்கொண்டிருக்க, கரண்ட் இல்லாமலே கிடாரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருப்பான். டங், டங் என்று அடிவயிற்றுச் சத்தம் மட்டும் லேசாகக் கேட்கும்.

“இப்பதாங்க்கா ரெக்கார்டிங்குக்குக் கூப்பிட ஆரம்பிச்சிருக்காங்க. எட்டு வருஷமா மேடை மேடையாச் சுத்தினேன். ஊருக்குப் போனதும் ரெண்டு படம் இருக்கு” என்றான். இடது கை விரல் நுனிகளைக் காட்டினான். கம்பியை அழுத்தி அழுத்தித் தோல் காய்த்துப் போயிருந்தது. “இதாங்க்கா நம்ம ரேஷன் கார்டு” என்று சிரித்தான்.

நான் இரண்டு பக்கத்துக்கு ஒரு பட்டியல் தயாரித்தேன். மேடையில் கற்பூரம் கூடாது. தரையில் ஓடும் ஒயர் எல்லாவற்றையும் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஸ்பீக்கர் பெட்டியைத் தனி ஆளாகத் தூக்கக் கூடாது. வாசல்களை மறித்து நாற்காலி போடக் கூடாது. மேடையில் எல்லோரும் ஷூ போட்டிருக்க வேண்டும். எல்லா பிளக்கும் மூன்று கால் பிளக்காக, மூன்று காலும் உள்ளே போனதாக இருக்க வேண்டும். என் கணவர் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சத்தமாகப் படித்தார்.

“இது கச்சேரியா, கெமிக்கல் ஃபேக்டரியா?” என்றார். பாஸ் கிடார் தம்பியும் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

கற்பூரத்தை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். அதுவும் எனக்காக இல்லை. புகை வந்தால் அலாரம் அடித்து, தீயணைப்பு வண்டி வந்துவிடும் என்ற பயம். குத்துவிளக்குக்குப் பதிலாக, ஐந்து முகத்திலும் சுடர் போல பல்பு வைத்த ஒரு பித்தளை விளக்கை எங்கிருந்தோ பிடித்து வந்தார்கள். சிறப்பு விருந்தினர் எரியாத மெழுகுவத்தியை பல்புக்குப் பக்கத்தில் கொண்டுபோவார், திரைக்குப் பின்னால் ஒருவர் ஸ்விட்சைப் போடுவார், அரங்கம் கைதட்டும். எங்கள் சங்கத்தின் லட்சணத்துக்கு அந்த விளக்கு ஒன்றே போதும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கச்சேரி. இரண்டே முக்காலுக்கு நான் மேடைக்குப் போனபோது, பாஸ் கிடாரின் ஆம்ப்ளிஃபையர் பிளக்கில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன அடாப்டர் செருகியிருப்பதைப் பார்த்தேன்.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் பிளக்கில் மூன்று கால். தட்டையான இரண்டு கால் கரண்டுக்கு. உருண்டையான மூன்றாவது கால் எர்த். பெட்டிக்குள் ஏதாவது கெட்டுப்போய்க் கரண்ட் வெளித்தகட்டுக்கு வந்துவிட்டால், மனிதன் உடம்பைத் தேடாமல் அந்த மூன்றாவது கால் வழியாகப் பூமிக்குப் போய்விடும். அடாப்டரைப் போட்டால் இரண்டு கால்தான் சுவருக்குள் போகும். எர்த் அந்தரத்தில் நிற்கும். அப்படியிருந்தும் ஏன் போடுகிறார்கள் என்றால், நான்கைந்து பெட்டிகளை ஒன்றாக இணைக்கும்போது சில சமயம் ஸ்பீக்கரில் கொர்ர்ர் என்று ஓர் இரைச்சல் வரும். எர்த்தை வெட்டிவிட்டால் அந்த இரைச்சல் நின்றுவிடும். தலைவலிக்குத் தலையை வெட்டுகிற வைத்தியம்.

சவுண்ட் பார்த்தவர் ஒரு சாஃப்ட்வேர்க்காரர். பொழுதுபோக்காகச் செய்பவர். ஆம்ப்ளிஃபையர் அவருடையது, யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது வாங்கியது. நான் பிளக்கைப் பிடுங்கி, அடாப்டரைக் கழற்றி, நேராகச் செருகினேன். அரங்கம் முழுக்கக் கொர்ர்ர் என்றது. முன்வரிசையில் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“மேடம், என்ன பண்றீங்க? ஒரு மணி நேரமா மண்டைய உடைச்சிட்டு இப்பதான் ஃபிக்ஸ் பண்ணேன்.”

“எர்த் இல்லாம பழைய ஆம்ப் ஓட்டக் கூடாது. வேற ஆம்ப் இல்லையா?”

“எடிசன்ல ஒரு ஃப்ரெண்ட்கிட்ட இருக்கு. போய் எடுத்துட்டு வர ஒரு மணி நேரம் ஆகும்.”

குழுவின் தலைவர் பின்னாலிருந்து வந்தார். ஜரிகை அங்கவஸ்திரம், நெற்றியில் பெரிய குங்குமம். “அம்மா, எங்க ஊர் மண்டபத்துல பாதி இடத்துல எர்த்தே கிடையாது. முப்பது வருஷமா வாசிக்கிறோம். செத்தா போயிட்டோம்?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அரங்கம் நிறைந்திருந்தது. அதில் பாதிப் பேர் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தவர்கள் என்று சத்தியம் செய்வேன். அவர்கள்தான் தாளம் போட்டுக் கைதட்ட ஆரம்பித்தார்கள், தாமதமாகிறது என்று. என் கணவர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் வியர்த்திருந்தது.

“இங்க பாரு. டெக்ஸஸ்காரங்க, கலிஃபோர்னியாக்காரங்க எல்லாம் நம்ம ஷோ எப்படிப் போச்சுன்னு கேப்பாங்க. உன் ஆபீஸை இங்க கொண்டு வராத. ப்ளீஸ்.”

“இது ஆபீஸ் இல்ல. ஆளுக்கு ஏதாவது ஆயிடும்.”

“ரெண்டரை மணி நேரம். அட்ஜஸ்ட் பண்ணிக்க முடியாதா உன்னால?”

சவுண்ட்காரர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். “நான் தொட மாட்டேம்பா. மேடம்தான் இன்சார்ஜ். அவங்களே முடிவு பண்ணட்டும்” என்றார். அடாப்டர் என் கையில் இருந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் என்னை ஒரு பொருட்டாக மதித்துப் பார்த்தது அந்த ஒரு நிமிடம்தான். அந்த நிமிடத்தில் நான் செய்தது இது: குனிந்து, பிளக்கைப் பிடுங்கி, அடாப்டரை மறுபடி மாட்டி, சுவரில் செருகினேன். என் கையால். இரைச்சல் நின்றது. வெளியே கைதட்டினார்கள்.

குழுத் தலைவர் எல்லா மேடையிலும் தேங்காய் உடைத்துத்தான் தொடங்குவாராம். அமெரிக்காவில் மேடையெல்லாம் மரம், உடைக்கக் கல் கிடைக்காது என்று, பெட்டியில் துணி சுற்றி ஒரு கருங்கல்லைச் சென்னையிலிருந்தே கொண்டுவந்திருந்தார். மேடையின் ஓரத்தில் வைத்து ஓங்கி உடைத்தார். தண்ணீர் சிதறி, கிடார் வாசிப்பவர்கள் நிற்கும் உயரப் பலகை மேல் வரை தெறித்தது. பேப்பர் டவலால் ஒற்றி எடுத்தோம். எல்லோரும் ஷூவைக் கழற்றி, திரைக்குப் பின்னால் வரிசையாக விட்டார்கள்.

“தம்பி, நீயாவது ஷூ போட்டுக்கப்பா. தரை ஈரம்” என்றேன்.

“வாத்தியம் இருக்கற எடத்துல செருப்பாக்கா? நீங்க சாமி ரூமுக்குள்ள போட்டுட்டுப் போவீங்களா?” என்றான் அவன். நான் மேடையிலிருந்து இறங்கிவிட்டேன். அடாப்டரைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் வேறு பக்கம் டியூன் செய்துகொண்டிருந்ததால் அந்தக் கலாட்டாவில் அவன் காதில் எதுவும் விழவில்லை. அவன் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு முடிவை எடுக்கும்போது அவனை மட்டும் யாரும் கேட்கவில்லை.

நான்காவது பாட்டு. அதில் கோரஸ் உண்டு. பாஸ் கிடாரும் கூடச் சேர்ந்து பாட வேண்டும். இடது கை கம்பியை அழுத்திப் பிடித்திருக்க, வலது கையை நீட்டி மைக் ஸ்டாண்டைத் தன் பக்கம் இழுத்தான். அந்த ஸ்டாண்டுக்கு எர்த் உண்டு. ஆம்ப்ளிஃபையரோடு ஒயரில் இணைந்திருந்த கிடார் கம்பிக்கு இல்லை. பழைய பெட்டிக்குள் என்ன கெட்டிருந்ததோ, கரண்ட் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கியது. நடுவில் இருந்தது அவன் நெஞ்சு.

அவன் கத்தவில்லை. கத்த முடியாது, தசை இறுகிவிடும். தலை பின்னால் சாய்ந்து, உடம்பு வில்லாக வளைந்து, நடுங்கியது. பாட்டில் லயித்துவிட்டான் என்று நினைத்து முன்வரிசையில் இரண்டு பேர் விசில் அடித்தார்கள். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. பிறகு பின்பக்கமாகச் சாய்ந்து, நின்றிருந்த உயரப் பலகையிலிருந்து கீழே விழுந்தான். இடது கை அடியில் மாட்டிக்கொண்டது. கிடார் மேலே விழுந்தது.

நான் ஓடினேன். மின்சாரம் தாக்கியவனைத் தொடும் முன் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். நான் நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். பிடுங்கினேன். அது சரியான முறை. பிடுங்கிய பிளக்கிலிருந்து அடாப்டரை உருவி என் கைப்பைக்குள் போட்டேன். அது எந்த முறையிலும் இல்லை. அதன் பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

திரை இறங்கியது. “சின்ன டெக்னிகல் டிலே. லாபில சூடா சமோசா, ஜில்லுனு பாதாம் பால் ரெடியா இருக்கு” என்று மைக்கில் அறிவித்தார்கள். சங்கத்தில் டாக்டர்களுக்குப் பஞ்சமா? வந்தவர் குழந்தை டாக்டர். நாடி பார்த்து, “பல்ஸ் இருக்கு, பயப்படாதீங்க” என்றார். அவனுக்கு நினைவு இருந்தது. இடது மணிக்கட்டு கோணலாகத் திரும்பியிருந்தது. இரண்டு விரல் நுனியில் கம்பி பதிந்த இடம் வெள்ளையாக வெந்திருந்தது. ஆம்புலன்ஸ் கூப்பிடலாம் என்றேன். ஆம்புலன்ஸ் வந்தால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் ஃபயர் மார்ஷல் வருவார், ஹாலை இழுத்து மூடுவார்கள் என்றார் தலைவர். பாதாம் பால் வைத்திருந்த பெட்டியிலிருந்து ஐஸை அள்ளித் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். கடைசியில் என் காரிலேயே அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே ஷாக் அடித்தது என்று உண்மையைச் சொன்னேன். சொல்லாவிட்டால் இருதயத்தைச் சோதிக்காமல் விட்டுவிடுவார்கள். அந்த ஓர் உண்மையை வைத்துக்கொண்டு, நான் ஒன்றும் அவ்வளவு மோசமானவள் இல்லை என்று பல மாதம் என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். இருதயம் நன்றாக இருந்தது. மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. விரலில் உணர்ச்சி திரும்புமா என்று அப்போதைக்குச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் அதைத் தமிழில் சொன்னபோது, “திரும்பிடும்னு சொல்றாராக்கா?” என்று கேட்டான். “ஆமா” என்றேன்.

கச்சேரி மீண்டும் தொடங்கி, முழுதாக நடந்து முடிந்திருந்தது. கீபோர்டு வாசிப்பவர் இடது கையால் பாஸையும் சேர்த்து வாசித்துவிட்டாராம். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். என் கணவர் அதைப் பெருமையாகச் சொன்னார்.

ஹாலைப் பார்த்துக்கொள்ளும் பள்ளி ஊழியர் சொல்லிவிட்டாராம், மறுநாள் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்தது. நடந்தது என்ன, காரணம் என்ன, பொறுப்பானவர் கையெழுத்து. அன்று மாலை ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் தலைவர் வீட்டில் கூடினோம். அவர் மனைவி பஜ்ஜி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் பஜ்ஜி தின்றது அன்றுதான்.

“அடாப்டர் மேட்டர் உள்ள வந்துச்சுன்னா ஹால் போச்சு. ஹால் போச்சுன்னா அதே பில்டிங்ல சாட்டர்டே நடக்கற தமிழ் க்ளாஸும் போச்சு. குழந்தைங்க தமிழ் கத்துக்கணுமா வேணாமா? நீங்களே சொல்லுங்க மேடம்” என்றார் தலைவர்.

தமிழையே என் தலையில் தூக்கி வைத்துவிட்டார். என் கணவர் அதை இன்னும் நேராகச் சொன்னார். “அதை யார் மாட்டினாங்கன்னு கேப்பாங்க. நீ என்ன சொல்லுவ?”

அப்போது எங்கள் கிரீன் கார்டு என் வேலை மூலமாகத்தான் நகர்ந்துகொண்டிருந்தது. பாதுகாப்பு அதிகாரியே தெரிந்து எர்த்தை வெட்டினாள் என்று என் கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அந்தப் பழைய மெக்கானிக்குக்கு நான் எழுதியது நினைவுக்கு வந்தது. என்னைவிடச் சின்னத் தப்பு அவருடையது. சங்கத்துக்காகச் செய்தேன், குழந்தைகளின் தமிழுக்காகச் செய்தேன் என்று வெகுகாலம் சொல்லித் திரிந்தேன். அத்தனையும் புளுகு. எனக்காகச் செய்தேன். பயந்து செய்தேன்.

ஆபீஸில் பல வருடம் அறிக்கை எழுதிய கை. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். கச்சேரிக்கு முன் மத வழக்கப்படி தேங்காய் உடைத்ததால் மேடை ஈரமாக இருந்தது. காலணி அணியும்படி கலைஞருக்கு அறிவுறுத்தப்பட்டது. அவர் மறுத்துவிட்டார். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று மின்கருவியைத் தொட்டபோது அதிர்ச்சி ஏற்பட்டு விழுந்தார். ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் கரண்ட் காலுக்குப் போகவே இல்லை. கையிலிருந்து கைக்குப் போனது. அவன் முழங்கால் வரை பூட்ஸ் மாட்டியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். சோறு மட்டும் உண்மையான சோறாக இருக்க வேண்டும்.

படித்துப் பார்த்துத் தலைவர், “பிரமாதம் மேடம்” என்றார். அந்தச் சங்கத்தில் என் வேலையை யாராவது பாராட்டியது அதுவே முதல் தடவை. அடுத்து அவனும் ஒரு கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு சோஃபாவில் உட்கார்ந்து, இங்கிலீஷில் இருந்ததைப் படிக்காமலே, நல்ல கையால் போட்டான். “என்னால உங்களுக்கு எவ்ளோ கஷ்டம்க்கா” என்றான்.

பள்ளிக்காரர்கள் அறிக்கையைப் பார்த்துப் புது விதி போட்டார்கள். மேடையில் தேங்காய் கூடாது. வெறுங்காலுடன் யாரும் ஏறக் கூடாது. பரதநாட்டிய டீச்சர்கள் எல்லாம் கொதித்துப் போனார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகப் பெற்றோரின் கையெழுத்தோடு விலக்குக் கடிதம் கேட்டார்களாம். பாதுகாப்பு அதிகாரி என்று வந்து நம் கலாசாரத்தில் கை வைத்துவிட்டாள் என்று, கோயிலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சங்கத்தில் எனக்குத் தேங்காய் மேடம் என்று பெயர் வந்தது.

அடாப்டரைப் பற்றி எந்த விதியும் வரவில்லை. எப்படி வரும்? அறிக்கையில் அது இல்லையே. அடுத்த தீபாவளி விழாவில் மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். எல்லோரும் ஷூ போட்டிருந்தார்கள். சுவரில் சாம்பல் நிற அடாப்டர் இரண்டு இருந்தன. சவுண்ட்காரர் அதே ஆள்தான். என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார். நான் பிடுங்கியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். கேட்டால், போன தடவை நடந்ததைச் சொல்ல வேண்டும். கச்சேரி முடியும் வரை அந்தச் சுவருக்குப் பக்கத்திலேயே, எதையாவது கண்டால் பிடுங்கலாம் என்று கையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அன்று ஒன்றும் ஆகவில்லை. வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, மிச்சப் பயிருக்குக் காவலும் நின்றது.

இரண்டு வருடம் கழித்து அதே குழு வந்தது. பாஸ் கிடார் வாசித்தவர் வேறு ஆள். பழைய தம்பி எங்கே என்று கேட்டேன். இரண்டு விரலும் மரத்தே போய்விட்டதாம். ரெக்கார்டிங்குக்கு வைத்துப் பார்த்தார்களாம், கம்பி மேல் விரல் நிற்கவில்லையாம். இப்போது வாத்தியம் வாடகைக்கு விடும் ஒரு கடையில் கேபிள் சுற்றுகிறான் என்றார்கள். அவனுடைய கிடாரைத்தான் நான் வாசிக்கிறேன் என்றார் புது ஆள்.

இவையெல்லாம் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயங்கள்தான். ஆனால் இவற்றோடு எப்படியோ வாழப் பழகிவிட்டேன். பழக முடியாதது வேறு ஒன்று. அது விபத்து நடந்த இரண்டாவது வாரம், ஒரு வேலை நாள் காலையில், என் ஆபீஸ் மேஜைக்கு வந்த ஒரு போன்.

அவன்தான். டெக்ஸஸில் ஹூஸ்டனிலிருந்து பேசினான். டிக்கெட்டைத் தனியாக மாற்ற முடியாது என்று அவனையும் கூடவே கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மாவுக்கட்டுக் கையோடு லாபியில் கேசட் விற்க உட்கார வைத்திருந்தார்களாம்.

“நல்லா இருக்கீங்களாக்கா? ஒண்ணுமில்ல, ஒரு சின்ன டவுட்டு. இங்க சவுண்டுக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தாரு. என் கையப் பாத்துட்டு என்னாச்சுன்னாரு. நம்ம கீபோர்டு அண்ணன் இங்கிலீஷ்ல எல்லாத்தையும் சொன்னாரு. அவரு சொல்றாரு, ஈரம் காரணமே இல்ல, செருப்பு காரணமே இல்லங்கறாரு. பிளக்குல மூணாவது காலு கட்டாயிருந்தாத்தான் இப்படி அடிக்குமாம். சாம்பல் கலர்ல எதுவோ எடுத்துக் காமிச்சாரு. இது மாதிரி எதுனா மாட்டியிருந்தாங்களான்னு கேட்டாரு. எனக்குத் தெரியலக்கா. உங்களுக்குத்தான் தெரியும். அன்னிக்கு அது மாதிரி இருந்துச்சா?”

என் மேஜையின் கீழ் இழுப்பறையில் கைப்பை இருந்தது. அடாப்டர் இன்னும் அதில்தான் கிடந்தது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை.

“இல்லப்பா” என்றேன்.

“நல்லா ஞாபகம் இருக்காக்கா?”

“இருக்கு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பிளக்கா நானே பாத்தேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.”

 பின்னால் யாரோ கேசட் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

“நீங்க பாத்திருந்தா கரெக்டாத்தான்க்கா இருக்கும். அவரு சொன்னதுலேர்ந்து மனசே சரியில்ல. யாரோ நம்மள இப்படிப் பண்ணிட்டாங்களேன்னு கோவமா வந்துச்சு. நம்ம சங்கத்துக்காரங்களப் போயி தப்பா நெனச்சிட்டேன். நீங்க எதுவும் மனசுல வெச்சுக்காதீங்கக்கா” என்றான்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. உடம்பப் பாத்துக்க” என்று மன்னித்துவிட்டேன்.